பித்தளை டப்பாவும் ஒரு டிக் மார்க்கும்

(இந்த வார எபிசோடின் தொகுத்த எழுத்து வடிவம். பேச்சு நடையைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை எங்க பிளாக் மாடிப்படியில இருந்து ஆரம்பிக்குது.

கோட்டூர்புரத்தில் நான் இருக்கும் பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. எனக்கு மேல் வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர். பால் வாங்கிக்கொண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவார். ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், "எப்போ ஆரம்பிச்சீங்க தாத்தா?"

"பத்தொன்பது வயசுல, தம்பி. ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து குளிர்ல உட்கார்ந்தேன். பக்கத்துல இருந்தவன் ஒண்ணு நீட்டினான். வாங்கிக்கிறதுக்குக் காரணமே வேண்டாம். வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் காரணம் வேணும்."

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குத் தோன்றிய ஒரே சொல்: டிஃபால்ட். ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது ஏற்கெனவே டிக் போட்ட ஒரு பெட்டி இருக்கும் இல்லையா? நாம அதைத் தொடவே மாட்டோம். அப்படியே 'ஓகே' கொடுத்துட்டுப் போயிடுவோம். சிப்பாய்கள் ஏன் இவ்வளவு புகைத்தார்கள் என்று கேட்டால் பயம், குளிர், தூக்கமின்மை, சும்மா காத்திருக்கும் சலிப்பு என்று பதில் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த டிக்கை யார் போட்டார்கள்?

முதலில் ஒரு தமிழ்ச் சொல்

பட்டாளத்துக்கும் புகையிலைக்கும் உள்ள பழைய உறவில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம்முடைய 'சுருட்டு'தான். திருச்சி, திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டுகள் பிரிட்டிஷ் இந்தியாவின் அதிகாரிகளிடமும் சிப்பாய்களிடமும் அவ்வளவு பிரபலம். மவுண்ட் ரோடு ஸ்பென்சர்ஸ் நிறுவனத்துக்கே திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே 'இது திருச்சிச் சுருட்டு' என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். லண்டன் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குத் தெரிந்த பெயர்!

ஆனால் சுருட்டு நிதானமாகப் பிடிக்கிற சமாசாரம். சிகரெட் வேறு ரகம். 1850-களில் கிரிமியப் போருக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்கள் துருக்கியரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் அந்தப் பழக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1881-இல் ஜேம்ஸ் பான்சாக் என்ற அமெரிக்கர் சிகரெட் சுருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு விலை சரிந்தது. பாக்கெட்டில் அடங்கும், சில நிமிடத்தில் முடியும். பதுங்குகுழிக்கென்றே செய்தது போல ஒரு பொருள். அடுத்து ஒரு பெரிய போர் வரவேண்டியதுதான் பாக்கி.

1914: ஒரு இளவரசியின் பரிசு

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் மீது குண்டு வீசிய கதை நமக்குத் தெரியும். ஹைகோர்ட் மதிலில் கல்வெட்டுகூட இருக்கிறது. அதே நாட்களில் இந்தியச் சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தன. அந்தப் போர் முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போயிருந்தார்கள்.

அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் மன்னரின் மகள் இளவரசி மேரி, வயது 17, ஒரு நிதி திரட்டலுக்கு முகமாக நின்றார். போர்முனையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கிறிஸ்துமஸ் பரிசு தர வேண்டும் என்பது திட்டம். பொதுமக்கள் பணத்தைக் கொட்டினார்கள். பரிசின் அடையாளம், மூடியில் மேரியின் முகம் பதித்த கையடக்கப் பித்தளை டப்பா. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. பிறகு மொத்தம் 25 லட்சத்தைத் தாண்டியது.

சரி, உள்ளே என்ன? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. எல்லோருக்கும் ஒரே பரிசு கிடையாது.

பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரு பைப், ஒரு அவுன்ஸ் புகையிலை, 20 சிகரெட், ஒரு லைட்டர், வாழ்த்து அட்டை, இளவரசியின் படம். புகைக்காத பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் புகையிலைக்குப் பதிலாகக் கடிதம் எழுதும் தாள், உறை, பென்சில், புளிப்பு மிட்டாய். கூர்க்காக்களுக்கு பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்ததே. சீக்கியர்களுக்குச் சிகரெட் இல்லை. கல்கண்டு, மசாலாப் பொருட்கள் அடங்கிய தகர டப்பா, வாழ்த்து அட்டை. மற்ற இந்தியச் சிப்பாய்கள் எல்லோருக்கும் ஒரு பாக்கெட் சிகரெட், கல்கண்டு, மசாலா, அட்டை. தண்ணீர் சுமப்பவர்கள் போன்ற முகாம் பணியாளர்கள், அதாவது 'பிஷ்தி' என்ற தலைப்பில் அடைக்கப்பட்டவர்கள், அவர்களுக்கு மசாலா டப்பாவும் அட்டையும் மட்டும்.

இந்தப் பட்டியலை ஒருமுறை கோடாக நினைத்துப் பாருங்க. பிரிட்டிஷ்காரனுக்கு நிபந்தனை தனிமனிதனைப் பற்றியது: நீ புகைப்பவனா, இல்லையா? இந்தியனுக்கு நிபந்தனை கூட்டத்தைப் பற்றியது: நீ சீக்கியனா? இல்லையென்றால், இந்தா சிகரெட். புகைக்காத ஒரு ராஜபுத்திரனுக்கோ பஞ்சாபி முஸ்லிமுக்கோ எழுதுதாள் டப்பா என்ற வசதியே அந்தப் பட்டியலில் இல்லை. தண்ணீர் சுமந்தவனிடம் கேள்வியே கிடையாது. புகைப்பவனாக எண்ணப்படுவதற்குக்கூட ஒரு அந்தஸ்து வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது யாரோ வில்லன் செய்த சதி இல்லை. சீக்கிய மரபில் புகையிலைக்குத் தடை இருப்பதை மதித்துத்தான் கல்கண்டு வைத்தார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலான டிஃபால்ட்கள் அப்படித்தான் உருவாகின்றன, நல்ல எண்ணத்தோடு, கொஞ்சம் அவசரத்தோடு.

பக் தெரிந்த பிறகும்

இரண்டாம் உலகப் போரில் டப்பா இன்னும் பெரிதானது. வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் படைகளுக்கு இந்தியாவில் தயாரான 'வி' சிகரெட் போனது. அதன் மட்டமான சுவையைப் பல சிப்பாய்கள் பின்னாளில் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். திட்டிக்கொண்டேதான் பிடித்தார்கள்! அமெரிக்கர்களின் 'கே' ரேஷனில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுப் பெட்டியிலும் பிஸ்கட், டின் உணவோடு சிகரெட்டும் இருந்தது. அதாவது சிகரெட்டும் உணவுப் பட்டியலில் ஒரு வரி.

நிகோட்டின் இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போகிறது. பசியைக் கொஞ்சம் மழுங்கடிக்கும், விழிப்பைக் கூட்டும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். உடனே ஒரு பரபரப்பு. அடுத்த சிகரெட் அந்தப் பரபரப்பைத் தணிக்கும். 'டென்ஷன் குறையுது' என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட் உண்டாக்கிய டென்ஷன்தான். போர் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் இந்தச் சுற்று நிற்கவில்லை.

1950-இல் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், லண்டன் மருத்துவமனை நோயாளிகளை வைத்துப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். டால் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். தானும் புகைத்தவர். தன் சொந்த ஆய்வின் எண்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். 1964-இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கை அதையே அரசாங்கத்தின் குரலில் சொன்னது. ஆனால் அதே அரசாங்கம் வியட்நாமுக்கு அனுப்பிய ரேஷனில் சிகரெட் தொடர்ந்து போனது. 1975-இல்தான் எடுத்தார்கள். பக் ரிப்போர்ட் வந்து 11 வருஷம் புரொடக்‌ஷனில் அப்படியே ஓடியிருக்கிறது. நம்ம டீமில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

மறுபடியும் மாடிப்படி

'சிகரெட்டை விட முடியலையா, மன உறுதி பத்தலை' என்று சுலபமாகச் சொல்கிறோம். பித்தளை டப்பாவின் கதை வேறு ஒன்றைச் சொல்கிறது. லட்சக்கணக்கானவர்கள் கையில் யாரும் கேட்காமலே சிகரெட் வந்து சேர்ந்தது. உறுதி என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது. நம்ம ஓஎம்ஆர் ஆபீஸ்களில் 'வா, ஒரு தம் போட்டு வரலாம்' என்பதுதான் இடைவேளையின் பெயர். முக்கியமான பேச்செல்லாம் கீழே டீக்கடையில்தான். புகைக்காத புது ஜூனியர் சும்மாவாவது கூட வந்து நிற்பான். மூணாவது மாசம் அவன் கையிலும் ஒன்று இருக்கும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை நான் உங்களுக்குப் புத்தி சொல்வதற்காகச் சொல்லவில்லை. அந்த டீக்கடையில் எத்தனை பேருக்கு நானே நீட்டியிருக்கிறேன் என்று இந்த எபிசோட் தயார் பண்ணும்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

போன வாரம் தாத்தாவிடம் இந்த டப்பா கதையைச் சொன்னேன். கல்கண்டு என்றதும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இன்ஹேலர் எடுத்து, கொஞ்ச நேரம் ஆனது.

"எங்க யூனிட்ல ஒரு சர்தார் இருந்தான், தம்பி. அதே குளிர், அதே டியூட்டி. அவன்கிட்ட யாரும் நீட்டவே மாட்டாங்க. அவன் ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை. சொல்லவேண்டியே இருக்கல."

அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இன்னும் ஒரு மாடி இருந்தது. பால் பையை நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பார்ப்போம், மக்களே. இன்னைக்கு டீக்கடைக்குப் போனா, புதுசா வந்த அந்த ஆளுக்கு முதல்ல ஒரு டீ சொல்லுங்க.