ஒன்றரைக் கோடி மிங்க்குகளைக் கொல்ல உத்தரவு... டென்மார்க் பிரதமரைத் துரத்திய சர்ச்சை! நடந்தது என்ன?

பறவைக் காய்ச்சல் வந்தால் பண்ணைக் கோழிகளையும் வாத்துகளையும் அரசே அழிப்பது அடிக்கடி வரும் செய்திதான். ஆனா, நோயே வராத பண்ணையிலும் எல்லாவற்றையும் கொல்லணும்னு சொன்னா? அப்படிச் சொல்ல அரசுக்குச் சட்டமே இல்லைன்னா? 2020-ல் டென்மார்க்கில் இதுதான் நடந்தது.

மிங்க் என்பது என்ன?

பார்க்க கீரி போல இருக்கும் சிறிய விலங்கு. விலை உயர்ந்த ரோம ஆடைகளுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது. மிங்க் ரோம உற்பத்தியில் அப்போது உலகின் முன்னணி நாடு டென்மார்க். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் அங்கே இருந்தன.

ஏன் கொல்லச் சொன்னார்கள்?

மனிதர்களிடமிருந்து மிங்க்குகளுக்கு கொரோனா பரவியது. அங்கே உருமாறி, திரும்பவும் மனிதர்களுக்கே வந்தது. 'கிளஸ்டர் 5' என்ற உருமாறிய வகை 12 பேரிடம் கண்டறியப்பட்டது. அடுத்து வரப்போகும் தடுப்பூசி இதனிடம் பலிக்காமல் போகலாம் என்று சுகாதார நிபுணர்கள் எச்சரித்தனர்.

2020 நவம்பர் 4-ம் தேதி, நாட்டில் உள்ள எல்லா மிங்க்குகளும் கொல்லப்படும் என்று பிரதமர் மெட்டே ஃப்ரெடெரிக்சன் அறிவித்தார். எண்ணிக்கை சுமார் ஒன்றரைக் கோடி!

சிக்கல் எங்கே?

நோய் பரவிய பண்ணைகளிலும், அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மட்டும்தான் கொல்ல உத்தரவிட அப்போதைய சட்டம் இடம் கொடுத்தது. அதற்கு வெளியே இருந்த ஆரோக்கியமான மிங்க்குகளுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஆனாலும் போலீஸார் பண்ணை உரிமையாளர்களுக்கு போன் செய்து, உத்தரவு போலவே சொன்னார்கள். சீக்கிரம் முடித்தால் கூடுதல் பணம் என்றும் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில், சட்டம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. அதற்குள் லட்சக்கணக்கான மிங்க்குகள் கொல்லப்பட்டுவிட்டன. நவம்பர் 18-ல் உணவு மற்றும் வேளாண் அமைச்சர் மோகென்ஸ் யென்சன் பதவி விலகினார். மிங்க் வளர்ப்பைத் தற்காலிகமாகத் தடை செய்யும் சட்டம் டிசம்பரில்தான் நிறைவேறியது.

புதைத்த பிறகும் தீராத தலைவலி

அவசரத்தில் ராணுவ நிலங்களில் ஆழம் குறைவாகப் புதைக்கப்பட்ட உடல்கள், அழுகும்போது உருவான வாயுவால் மண்ணைப் பிளந்து மேலே வந்தன. நிலத்தடி நீர் கெடும் என்று மக்கள் அஞ்சினர். 2021-ல் லட்சக்கணக்கான உடல்களைத் தோண்டி எடுத்து எரிக்க வேண்டியதாகிவிட்டது.

பிரதமருக்கு என்ன ஆனது?

நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2022 ஜூன் 30-ல் அறிக்கை தந்தது. பிரதமர் அன்று சொன்னது மக்களைப் பெரிதும் தவறாக வழிநடத்தியது என்றது. அதேநேரம், சட்டம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் கூறியது. அவருக்கு நாடாளுமன்றக் குழுவின் கண்டனம் கிடைத்தது. ஆதரவுக் கட்சி கொடுத்த நெருக்கடியால் நவம்பர் 1-ல் பொதுத்தேர்தலும் வந்தது. அதில் அவர் கட்சியே முதலிடம் பிடிக்க, மீண்டும் பிரதமரானார்.

பண்ணைக்காரர்களுக்கு என்ன கிடைத்தது?

சுமார் 1,900 கோடி குரோனர் வரை இழப்பீடு ஒதுக்க அரசியல் கட்சிகள் ஒப்புக்கொண்டன. 2023 தொடக்கத்தில் தடை நீங்கியது. ஆனா, தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனமே கையில் இல்லை. பெரும்பாலானோர் பண்ணையை நிரந்தரமாக மூடிவிட்டு இழப்பீடு வாங்கும் வழியையே தேர்ந்தெடுத்தனர்.

அப்போ, கொன்றது தவறா?

இதில் இரண்டு கேள்விகள் இருக்கு. ஆபத்து உண்மையா என்பது ஒன்று. உருமாறிய வைரஸ் மனிதர்களுக்கு வந்தது உண்மை. ஆனால் 'கிளஸ்டர் 5' பெரும்பாலும் மறைந்துவிட்டதாக நவம்பர் 19-ம் தேதியே டென்மார்க் அரசு சொல்லிவிட்டது.

அரசுக்கு அதிகாரம் இருந்ததா என்பது இன்னொன்று. இதற்குப் பதில், இல்லை. சட்டத்தைப் பிறகு கொண்டுவர முடிந்தது. கொன்ற விலங்குகளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. நோய் ஒழிப்பு நடவடிக்கைகளில், கொல்வதற்கு முன்பே சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான்.