ஜி.எஸ்.டி. ரோட்டுல பொறந்த ரெண்டு கதவு கார்

என் அக்கா பையனுக்கு இருபத்தாறு வயசு. ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில ஷிப்ட் வேலை. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல கார் அவன் கண்ணு முன்னாடி லைன்ல நகர்ந்து போகுது. அவன் கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "மாமா, ரெண்டு கதவு வச்ச ஸ்போர்ட்ஸ் கூபே ஒண்ணு வாங்கணும். கையில ஆறு லட்சம் இருக்கு. புதுசா போகலாமா, பழசா போகலாமா?"

ஆறு லட்சங்கிறது அவனோட நாலு வருஷ சேமிப்பு. அக்காவுக்கு அந்தக் காசுல விழுப்புரத்துல ஒரு மனை வாங்கிப் போடணும்னு எண்ணம். அதனால "உன் இஷ்டம்டா"ன்னு சொல்லித் தப்பிக்க முடியல. "புதுசுல அப்படி ஒரு கார் நம்ம நாட்டுல இல்லடா"ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கலாம். ஆனா அது ஏன் இல்லைன்னு யோசிச்சா, கதை நம்ம வண்டலூர்லயே ஆரம்பிக்குது மக்களே. கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்குங்க.

சென்னையில கிளம்பி தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், செங்கல்பட்டு தாண்டி சுமார் 125 கிலோமீட்டர் வந்தா திண்டிவனம். இன்னும் ஒரு நாப்பது போனா விழுப்புரம். இந்த ஜி.எஸ்.டி. ரோட்டுல நாம எத்தனையோ தடவை பஸ்ல தூங்கிக்கிட்டே போயிருக்கோம். இந்த ரோட்டோரத்துலதான், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவுல, ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு கார் கம்பெனி இருந்துச்சு. மெட்ராஸ் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948ல ஆரம்பிச்சது. அதே வருஷம் எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸும் ஆரம்பம். அவங்க ஆஸ்டின் கார் பூட்டிக்கிட்டு இருந்து, 1955ல அசோக் லேலண்டா மாறி லாரி, பஸ் பக்கம் போயிட்டாங்க. கார்லயே நின்னது வண்டலூர்க்காரங்கதான்.

முதல்ல வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு எய்ட், டென், பென்னன்ட்னு வந்துச்சு. 1961ல வந்தவர்தான் நம்ம ஹீரோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இவரோட பூர்வீகம் இங்கிலாந்து. 1959ல டிரையம்ஃப் ஹெரால்டுன்னு அங்க வந்தார். வடிவமைச்சவர் ஜொவான்னி மிகெலோட்டிங்கிற இத்தாலிக்காரர். அந்தக் காலத்துல உலகம் பூரா பாடியையும் சேஸிஸையும் ஒண்ணா வார்க்குற முறைக்குப் போய்க்கிட்டு இருந்தப்ப, ஹெரால்டு மட்டும் பழைய மாதிரி தனி சேஸிஸ்ல வந்துச்சு. காரணம் வேடிக்கையானது. இவங்களுக்குத் தகடு அடிச்சுக் குடுத்துக்கிட்டிருந்த கம்பெனியை 1953ல போட்டிக் கம்பெனி வாங்கிப் போட்டுருச்சு. முழு பாடி அடிச்சுத் தர ஆள் இல்ல. சரி, துண்டு துண்டா அடிச்சு போல்ட்டு போட்டு சேஸிஸ் மேல மாட்டிடுவோம்னு முடிவு பண்ணாங்க. அந்த நெருக்கடிதான் நமக்கு லாபமாச்சு. பெரிய அச்சு மிஷின் இல்லாத ஊர்லயும் பாகத்தை இறக்கிப் பூட்டிடலாம்ல.

இன்னொரு விசேஷம் பானட். முன்பக்கம் மொத்தமும், மட்கார்டோட சேர்ந்து, முன்னாடி கவுந்துடும். டயர் மேல உக்காந்துக்கிட்டே மெக்கானிக் வேலை பாக்கலாம். அப்புறம் திரும்புற வட்டம். வெறும் 25 அடி! விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து சந்துல ஒரு காரைத் திருப்பிப் பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அந்தக் காலத்து அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பின்னாடி இருந்தது ஒத்தை அச்சுதான்.

இதே ஹெரால்டு சேஸிஸைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கித்தான் 1962ல டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்னு அசல் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் பண்ணாங்க. அதனால ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒண்ணு விட்ட அண்ணன் இல்லீங்க, கூடப் பொறந்த அண்ணன்.

ஆனா வேகம்? 948 சிசி, 35 குதிரை சக்தி. முழுசா மிதிச்சா மணிக்கு 110ஐ ஒட்டிப் போகும், அவ்வளவுதான். இங்கிலாந்துல ரெண்டு கார்புரேட்டர் வச்ச கூபே தனியா வித்தாங்க. அது இங்க வரல. நமக்கு வந்தது ரெண்டு கதவு சலூன். இருந்தாலும் சோழவரத்துல, ரெண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளத்துல, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துன பந்தயங்கள்ல ஹெரால்டும் ஓடுச்சு. சம்பளக்காரன் வாங்குற காரும் பந்தயத்துல ஓடுற காரும் ஒண்ணாவே இருந்த காலம் அது.

நான் திண்டிவனத்துல படிச்சப்ப எங்க தெரு டாக்டர்கிட்ட ஒரு ஹெரால்டு இருந்துச்சு. வெளிர் நீலம். அதுல அவரே ஓட்டிக்கிட்டுத் தனியா போவார். வீட்டோட கிளம்பணும்னா வாடகை அம்பாசடர் வரும். காரணம் அவங்க அம்மா. முன் சீட்டை மடக்கி, குனிஞ்சு, பின்னாடி ஏறுறதுக்குள்ள அந்தப் பாட்டிக்கு மூச்சு வாங்கும். "இது காரா, குருவிக் கூடா?"ன்னு ஒரு நாள் தெருவே கேக்குற மாதிரி சத்தம் போட்டாங்க.

அந்தப் பாட்டி கேட்ட கேள்விதான் இந்தியக் கூபே வரலாறு மொத்தமும்னு எனக்குத் தோணுது. 1968ல ஸ்டாண்டர்டு கம்பெனியே நாலு கதவு ஹெரால்டு கொண்டு வந்துச்சு. ஹெரால்டைப் பெத்த இங்கிலாந்துல அப்படி ஒண்ணு கிடையாது, அது நம்ம ஊருக்குன்னே பண்ணது. 1970கள்ல வந்த கேஸலும் நாலு கதவுதான். பின்னாடி சஸ்பென்ஷனையும் நம்ம ரோட்டுக்குத் தாங்குற மாதிரி ஒத்தை அச்சா மாத்திட்டாங்க. ஸ்போர்ட்ஸ் குணம்னு எதெல்லாம் இருந்துச்சோ அதெல்லாம் ஒவ்வொண்ணா கழண்டு விழுந்துச்சு.

மேற்கத்திய நாட்டுல முதல் சம்பளம் வாங்குற பையன் தனக்குன்னு ஒரு கார் வாங்குவான். நம்ம ஊர்ல கார்ங்கிறது வீட்டுச் சொத்து. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, திருவண்ணாமலை கிரிவலம் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். வசதியானவங்களுக்கோ டிரைவர் உண்டு, அவங்க உக்கார்றதே பின் சீட்டுல. ஆக ரெண்டு பக்கமும் பின் சீட்டுதான் ராஜா. பின் கதவு இல்லாத காரை யாரு வாங்குவா?

அரசாங்கமும் தன் பங்குக்குக் கழுத்தைப் புடிச்சுச்சு. லைசென்ஸ் ராஜ்ஜியத்துல கம்பெனி எத்தனை கார் பண்ணலாம், என்ன விலைக்கு விக்கலாம் எல்லாம் டெல்லி சொல்லணும். 1969ல கார் விலைக் கட்டுப்பாடு வந்து, கம்பெனிங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. வாங்குறவன் டெபாசிட் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். பியட்டுக்கு வரிசை நீளமா இருந்துச்சு, ஹெரால்டுக்குக் கம்மி. சீக்கிரம் கிடைக்குதேன்னே வாங்குனவங்க உண்டு.

1970கள் முடியும்போது வண்டலூர்ல கார் நின்னு போச்சு. வேன் மட்டும் வந்துச்சு. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்து ஊரே மாறினப்புறம், 1985ல ஸ்டாண்டர்டு 2000னு ஒரு காரை இறக்குனாங்க. பாக்க இங்கிலாந்து ரோவர் எஸ்டி1, உள்ள பழைய வேன்கார்டு வம்சத்து இன்ஜின். மேல பட்டு வேட்டி, உள்ள கிழிஞ்ச பனியன். விலையும் ஜாஸ்தி, பெட்ரோலும் ஜாஸ்தி. 1988ல கம்பெனியே மூடியாச்சு. வேலை போன குடும்பங்கள் எத்தனையோ. ரொம்ப வருஷம் பாழடைஞ்சு கிடந்த அந்த இடத்துல இப்ப ஐ.டி. கட்டடமும் அடுக்குமாடி வீடும்.

அதுக்கப்புறம் முயற்சி நடக்காமலும் இல்ல. 1982ல பெங்களூர் சிபானி கம்பெனி, டால்ஃபின்னு ரெண்டு கதவு ஃபைபர் கார் பண்ணுச்சு. எடை கம்மிங்கிறதால ராலிக்காரங்களுக்குச் செல்லப்பிள்ளை. மாருதி வந்ததும் மார்க்கெட்ல காணாம போச்சு. 1998ல கோவாவில சான் ஸ்டார்ம்னு ரெண்டே சீட்டு, ரெனோ இன்ஜின், ஃபைபர் பாடி. "கையில் எட்டும் ஸ்போர்ட்ஸ் கார்"னு சொல்லத்தக்க ஒரே இந்திய முயற்சி அதுதான். அதுவும் சொற்ப எண்ணிக்கையில நின்னுடுச்சு. 2003ல மாருதி ஜென் ரெண்டு கதவுல கொஞ்சமா வந்துச்சு. 2016ல ஃபோர்டு மஸ்டாங் வந்துச்சு. விலை அறுபது லட்சத்துக்கு மேல. அந்தப் பணத்துக்கு திண்டிவனத்துல வீடே கட்டலாம்.

இப்ப வரி. 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள அடங்குற சின்ன காருக்கு எக்சைஸ் வரி 24லருந்து 16 சதவீதமா குறைஞ்சுச்சு. அன்னைலருந்து கம்பெனிக்காரன் ஸ்கேலை வச்சுக்கிட்டுத்தான் கார் வரையுறான். 2025 செப்டம்பர் மாற்றத்துலயும் அதே நாலு மீட்டர் கோடுதான். உள்ள இருந்தா 18 சதவீதம், வெளிய போனா 40. நீளமான மூக்கு, சரிஞ்ச முதுகு, ரெண்டே கதவுன்னு எவன் பண்ணுவான்? ஒரு ஜி.எஸ்.டி. ரோட்டுல பொறந்ததை இன்னொரு ஜி.எஸ்.டி. வளர விடல :-)

2024ல டாடா கர்வ், திருவள்ளூர்ல தயாராகுற சிட்ரோன் பசால்ட் ரெண்டுக்கும் 'கூபே'ன்னு பேர் வச்சாங்க. கூரை மட்டும் சரிவு, கதவு நாலு. பாட்டி ஜெயிச்சுட்டாங்க!

சரி, மருமகன் மேட்டருக்கு வருவோம். அவன் இதுக்குள்ள விழுப்புரம் பக்கத்துல ஒரு கிராமத்துக் கொட்டாயில நிக்கிற ரெண்டு கதவு ஹெரால்டு ஒண்ணைப் புடிச்சுட்டான். மூணு லட்சம் கேக்குறாங்களாம். நான் அவனுக்கு எழுதிக் குடுத்த பட்டியல் உங்களுக்கும் உதவும்.

முதல்ல காகிதம். ஆர்.சி. அசல் இருக்கணும், இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பொருந்தணும், ஆர்.சி.யில பேர் உள்ளவரோ வாரிசோ கையெழுத்துப் போடணும். இது இல்லேன்னா அது கார் இல்ல, பழைய இரும்பு. தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டி, பெருசா மாத்தாத வண்டிக்கு 'விஏ' வரிசையில தனி நம்பர் வாங்கலாம். பதிவுக்கட்டணம் இருபதாயிரம். ஆனா அந்த நம்பர்ல தினம் வேலைக்குப் போக முடியாது. ரெண்டுல எதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்.

ரெண்டாவது சேஸிஸ். பாடி துருவை யாரும் டிங்கரிங் பண்ணிடுவாங்க. கீழ படுத்து சேஸிஸைச் சுத்தியலால தட்டிப் பாக்கணும். கதவு இடுக்கு கோணலா இருந்தா உள்ள சேஸிஸ் தளர்ந்திருக்கலாம்.

மூணாவது, முன் சக்கரத்துக்கிட்ட அடியில இருக்குற டிரன்னியன். அதுக்கு கியர் ஆயில் விடணும், கிரீஸ் அடிக்கக்கூடாது. வருஷக்கணக்கா கிரீஸ் அடிச்சிருந்தா உள்ள துருப்பிடிச்சு, ஒரு நாள் திரும்பும்போது சக்கரம் தனியா போயிடும். நான் பயமுறுத்தல, டிரையம்ஃப் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

நாலாவது, பின்னாடி குறுக்கு பட்டை ஸ்பிரிங். அது தொங்கியிருக்கான்னு பாக்கணும். வளைவுல வேகமா போய் திடீர்னு காலை எடுத்தா பின் சக்கரம் உள்ள மடங்குற குணம் இந்த வண்டிக்கு உண்டு. அஞ்சாவது, பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தோட போச்சு, இப்ப எத்தனால் 20 சதவீதம் கலந்து வருது. வால்வு சீட்டும் ரப்பர் ஹோஸும் அதுக்கேத்த மாதிரி மாத்தணும். ஸ்பிட்ஃபயர் புண்ணியத்துல பல பாகங்கள் இன்னும் இங்கிலாந்துல புதுசாவே கிடைக்குது. கஸ்டம்ஸ் செலவைக் கணக்குல வச்சுக்கணும்.

நான் சொன்ன கணக்கு இதுதான். ஆர்.சி. சரியா இருந்தா, பேரம் பேசி வண்டி, ரிப்பேர் எல்லாம் சேர்த்து மூணு லட்சத்துக்குள்ள முடியணும். முடியாதுன்னா விட்டுட்டு, நல்லா வச்ச பழைய ஸ்விஃப்ட் ஒண்ணு வாங்கிக்க. மீதி மூணு லட்சம் அம்மா கேட்ட மனைக்கு முன்பணம். ஹெரால்டு வாங்கினா விக்கிரவாண்டி டோல்ல எல்லாரும் உன்னைத் தாண்டிப் போவாங்க, கோபப்படாதே. அறுபது வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்து ஊர் தொழிலாளிங்க கையால பூட்டுன கார் அது. நீயும் கார் பூட்டுறவன், உனக்கு அது புரியும்.

ஹெரால்டு ஓட்டுனவங்க, வண்டலூர் ஃபேக்டரியில வேலை பாத்தவங்க வீட்டுப் பிள்ளைங்க யாராவது படிச்சா பின்னூட்டத்துல ரெண்டு வரி எழுதுங்க. குறிப்பா டிரன்னியன் பாக்கத் தெரிஞ்ச மெக்கானிக் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இருந்தா சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கொட்டாய்க்குப் போறோம்.

டிஸ்கி: அக்கா இந்தப் பக்கம் வந்து படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் மூணு லட்சம்னு எழுதியிருக்கேன் :-)