தொலைவழிச் சதுரங்கக் குழுப்போட்டிகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு போட்டியின் முடிவுப் பட்டியலை வரலாற்று மாணவர் எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினாவாகும். கல்வெட்டையும் செப்பேட்டையும் மூலாதாரங்களாகக் கொண்டு பயின்ற நமக்குச் சதுரங்கப் போட்டியொன்றின் புள்ளிப் பட்டியல் அற்பமான சான்றாகத் தோன்றலாம். ஆயினும், சாசனத்தை வாசிப்போர் அதனைப் பொறிப்பித்தவர் யார், எதனைப் பொறியாது விட்டார் என்று வினவுவது போலவே, ‘1’ என்றும் ‘0’ என்றும் நிரல்பட எழுதப்பட்ட பட்டியலையும் வினாவுக்குட்படுத்தலாம். 2021 ஆம் ஆண்டிலே முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து இணையவழிக் குழுப்போட்டியொன்றிற் பங்குபற்றிய அறுவருள் நானும் ஒருத்தி. அப்போட்டியின் பட்டியலே இவ்வினாவை என்னுள் எழுப்பிற்று. அதனைப் பின்னர் கூறுவேன். ஒரே பலகையின் முன் அமராத இரு குழுக்கள் தம்முள் ஆடும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதை முதலில் நோக்குவோம்.

இலண்டன், எடின்பரோ நகரங்களின் சதுரங்கக் கழகங்கள் 1824 ஆம் ஆண்டு முதல் 1828 ஆம் ஆண்டு வரை அஞ்சல் மூலம் ஆடிய போட்டி இவ்வகையிற் புகழ்பெற்றது. ஐந்து ஆட்டங்களுக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. எடின்பரோ இரண்டிலும் இலண்டன் ஒன்றிலும் வென்றன. ஏனைய இரண்டும் சமநிலையில் முடிந்தன. இன்றும் ‘ஸ்கொட்ச் ஆட்டம்’ என வழங்கும் தொடக்கமுறை இப்போட்டியினாலேயே அப்பெயரைப் பெற்றது.

இதே காலப்பகுதியில் நமக்கு அண்மையிலும் இத்தகைய முயற்சியொன்று நிகழ்ந்தமை பலர் அறியாதது. சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே இரண்டு ஆட்டங்கள் கொண்ட போட்டியொன்று கடிதங்கள் வாயிலாக நடைபெற்றது. அவ்வாட்டங்களும், குதிரையைப் பலிகொடுத்து எதிரியின் அரசனைத் தாக்கும் ‘மூசியோ கம்பிட்’ என்ற தொடக்கம் பற்றிய ஆராய்ச்சியும் ஒருசேர 1829 ஆம் ஆண்டு சென்னையில் நூலாக அச்சிடப்பட்டன. நூலாசிரியர் இருவர். ஒருவர் சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம். மற்றவர் சென்னை சிவில் சேவையைச் சேர்ந்த ஜேம்ஸ் கொக்ரேன். சென்னைப் பக்கத்து ஆட்டங்களைத் தலைமைதாங்கி நெறிப்படுத்தியவர் காசிம் என்பதை நூலின் முகப்பே கூறுகின்றது. கம்பனி ஆட்சிக் காலத்து நூலொன்றின் முகப்பில் இந்தியர் ஒருவரின் பெயர் ஆங்கில அதிகாரியின் பெயருக்கு முன்னே நிற்பது எளிதிற் காணக்கூடியதன்று. அத்தொடக்கத்தின் ஒரு கிளை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நான் அறிந்த சதுரங்க ஆசிரியர் பலர் அக்கிளையைக் கற்பிப்பர். அப்பெயருக்குரியவர் சென்னைவாசி என்பதை அறியார்.

அஞ்சல்வழி ஆட்டத்தின் இயல்பொன்றை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். சென்னையிலிருந்து சென்ற கடிதத்தைத் தபால் ஓட்டக்காரர் காடும் ஆறும் கடந்து சுமந்து சென்றனர். ஆறு பெருகினால் கடிதம் தாமதித்தது. ஆயின், அத்தாமதம் எவருடைய ஆட்டத்தையும் கெடுக்கவில்லை. கடிதம் வழியிற் கிடந்த நாட்கள் இரு பக்கத்தாருக்கும் பொதுவான நாட்கள். சிந்திப்பதற்குரிய காலம் வேறு, பாதைக்குரிய காலம் வேறு என்ற பிரிவு தெளிவாக இருந்தது. வழி நீண்டதாயினும் நடுநிலையானது எனலாம்.

தந்தியின் வருகை இந்நிலையை மாற்றத் தொடங்கிற்று. 1896 ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியே இடப்பட்ட கம்பி வழியாக அமெரிக்க, பிரித்தானியக் குழுக்கள் எட்டுப் பலகைகளில் ஆடின. அமெரிக்கா 4½–3½ என்ற புள்ளிகளால் வென்றது. சேர் ஜோர்ஜ் நியூன்ஸ் வழங்கிய கிண்ணத்துக்கான இத்தொடர் 1911 ஆம் ஆண்டுவரை இடையிடையே நிகழ்ந்தது. இதனையடுத்துப் பெரிதும் பேசப்படுவது, இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற அதே நாட்களில், 1945 செப்டெம்பர் 1 முதல் 4 வரை, வானொலித் தந்தி மூலம் சோவியத் யூனியனும் அமெரிக்காவும் பத்துப் பலகைகளில் இருமுறை ஆடிய போட்டியாகும். அமெரிக்கர் நியூயோர்க்கிலும் சோவியத் ஆட்டக்காரர் மொஸ்கோவிலும் அமர்ந்திருந்தனர். பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எழுத்துக்கள் குறிக்கப்பட்டு, ஒரு நகர்வு நான்கெழுத்துச் சொல்லாக அனுப்பப்பட்டது. சோவியத் குழு 15½–4½ என வென்றது. முடிவைப் பற்றிப் பேசுவோர் சோவியத் சதுரங்கப் பள்ளியின் மேன்மையைப் பேசுவர். அது முற்றிலும் நியாயமே. ஆனால், நள்ளிரவிலும் அந்நான்கெழுத்துச் சொற்களைப் பிழையின்றி அனுப்பிய தந்தியாளர்களைப் பற்றிப் பட்டியல் எதுவும் பேசுவதில்லை. அவர்கள் பிழை விடாதமையாலேயே அவர்களை மறக்க முடிகின்றது.

இவ்விடத்தில் ஒரு தனி ஆட்டக்காரரையும் குறிப்பிடலாம். 1965 ஆம் ஆண்டு ஹவானாவில் நடைபெற்ற கப்பபிளாங்கா நினைவுப் போட்டிக்குச் செல்ல அமெரிக்க அரசு பொபி பிஷருக்கு அனுமதி மறுத்தது. அவர் நியூயோர்க்கின் மார்ஷல் சதுரங்கக் கழகத்தில் அமர்ந்து தொலையச்சு மூலம் ஆடினார். சிமிஸ்லொவ் முதலிடம் பெற, பிஷர் அவருக்கு அரைப் புள்ளி பின்னால் வேறிருவருடன் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அரசு ஒன்று பாதையை அடைத்தபோது கம்பி அதனைத் திறந்துவிட்ட அரிய நிகழ்ச்சி இது. அடைபட்ட பாதைகளைப் பற்றி வன்னியில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

1990 களில் இணையச் சேவையகங்கள் தோன்றியபோது புதிய சிக்கலொன்று எழுந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் சில நிமிடங்களே உள்ள விரைவாட்டத்தில், நகர்வு கம்பி வழியே செல்லும் நேரமும் அவருடைய கடிகாரத்திலிருந்தே கழிந்தது. பாதைக்குரிய காலம் சிந்தனைக்குரிய காலத்தை உண்ணத் தொடங்கியது. அக்காலத்துச் சேவையகங்களை அமைத்தோர் இதனை அநீதியாகவே உணர்ந்தனர். ஆகவே, வழியிற் கழிந்த நேரத்தைக் கணித்து ஆட்டக்காரருக்கு ஈடுசெய்யும் நிரல்களை எழுதினர். இஃது ஒரு பொறியியல் நுணுக்கம் மட்டுமன்று; கடிதகாலத்து நடுநிலையை மீட்கும் முயற்சியுமாகும். ஆனால், அம்முயற்சி தாமதத்துக்கு மருந்தாயிற்றேயன்றித் துண்டிப்புக்கு மருந்தாகவில்லை. இணைப்பு முற்றாக அறுந்தவரின் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் இக்குறை உலகறிய வெளிப்பட்டது. உலகச் சதுரங்கச் சம்மேளனம் தனது முதலாவது இணையவழி ஒலிம்பியாட்டை அவ்வாண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நடத்தியது. 160 இற்கு மேற்பட்ட நாடுகள் பங்குபற்றின. இரு ஆடவர், இரு மகளிர், இளையோரில் ஓர் ஆணும் பெண்ணுமாக ஆறு பலகைகள். ஒருவருக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி மேலதிகம். கால் இறுதியில் இந்தியாவை எதிர்த்த ஆர்மேனியாவின் ஆட்டக்காரர் ஒருவர் இணைப்பறுந்து தோற்றார். ஆர்மேனியா முறையிட்டது; முறையீடு நிராகரிக்கப்பட்டது; ஆர்மேனியா போட்டியிலிருந்து விலகிற்று. தத்தம் இணைப்புக்குத் தாமே பொறுப்பு என்பது விதி. ஓகஸ்ட் 30 ஆம் திகதி இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. முதற்சுற்று 3–3. இரண்டாம் சுற்றில் இந்தியாவின் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரும் இணைப்பிழந்து நேரத்தால் தோற்றனர். அன்று இணையத்தின் பெருவழிகளிலேயே உலகளாவிய தடை ஏற்பட்டிருந்தது. இந்தியா முறையிட்டது. சம்மேளனத் தலைவர் இரு நாடுகளையும் கூட்டு வெற்றியாளராக அறிவித்தார்.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு தத்துவம் புலப்படும். பெருவழி அறுந்தால் அது எவர் குற்றமுமன்று. வீட்டுவழி அறுந்தால் அது வீட்டாரின் குற்றம். விதி என்ற அளவில் இதில் முரண்பாடில்லை. ஆட்டக்காரர் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துத் தப்பிக்கவும் கூடுமாதலால் அத்தகைய விதி தேவையானதே. ஆயினும், வீட்டுவழி என்பது வீட்டாரால் அமைக்கப்படுவதன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

வன்னிப் பெருநிலப்பரப்பை எடுத்துக்கொள்வோம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதன்பின் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தேசிய மின்வழங்கலின்றியும் தொலைபேசித் தொடர்பின்றியும் நெடுங்காலம் இருந்தன. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டதை எம் பெற்றோர் இன்றும் கூறுவர். ஏ9 பாதை 2002 ஏப்பிரலில் திறக்கப்பட்டு 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 1824 ஆம் ஆண்டில் இலண்டனும் எடின்பரோவும் நம்பியிருந்த ஒழுங்கான அஞ்சல்வழி கூட அந்நாட்களில் எங்களுக்கு உறுதியானதன்று. போர் 2009 மே மாதம் முடிவுற்ற பின்னரே வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு உயரழுத்த மின்வழி வந்தது. யாழ்தேவி கிளிநொச்சியை அடைந்தது 2013 செப்டெம்பரில். தொலைத்தொடர்புக் கோபுரங்கள் பெருந்தெருவை ஒட்டி முதலில் எழுந்தன. உட்கிராமங்களில் ‘கவரேஜ்’ என்பது இன்றும் இடம்பார்த்து நிற்கும் ஒன்றே.

2021 இல் நாங்கள் ஆடியது குளக்கட்டின் மீது. ஊரில் இணைப்பு ஓரளவு நிலையாகக் கிடைத்த இடம் அதுவே. அறுவருக்கும் நான்கு கைத்தொலைபேசிகள்; இரண்டை இரவல் வாங்கினோம். வயதில் மூத்த அண்ணா ஒருவர் ஆடாது அமர்ந்து கொப்பியொன்றில் முடிவுகளை எழுதினார். ஐந்து போட்டிகள், முப்பது ஆட்டங்கள். வென்றவை 11, சமநிலை 3, தோற்றவை 16. ஒரு போட்டியில் வென்றோம், ஒன்று சமன், மூன்றில் தோல்வி. அமைப்பாளரின் பட்டியலிலும் அண்ணாவின் கொப்பியிலும் எண்கள் ஒன்றே. ஆனால், கொப்பியில் ஐந்து சுழியங்களின் அருகே ‘இ’ என்ற எழுத்து உண்டு. இணைப்பு அறுந்தது என்பதன் சுருக்கம் அது.

அவ்வைந்தையும் வெற்றிகளாக எண்ணிவிடுதல் வரலாற்று முறையன்று. இணைப்பு அறுந்த கணத்து நிலையையும் அண்ணா குறித்திருந்தார். அவற்றுள் இரண்டு ஏற்கெனவே தோற்ற நிலை; அதிலொன்று என்னுடையது, கோட்டையொன்றை இழந்திருந்தேன். ஒன்று சமநிலை. எஞ்சிய இரண்டில் மட்டுமே எம்மவர் வெல்லும் நிலையில் இருந்தனர். அவற்றுள் ஒன்று, 2½–3½ எனத் தோற்ற போட்டியில் ஆறாம் பலகையில் ஆடிய தங்கையினுடையது. மழை இருண்டு வந்தபோது அவளுடைய திரை உறைந்தது. அரசியும் இரு சிப்பாய்களும் மேலதிகமாக வைத்துக்கொண்டு, கடிகாரம் ஓடி முடியும்வரை அவள் அத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் மேற்போட்டி ஒன்றுக்குத் தெரிவு நடைபெற்றபோது பட்டியலே ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. அவள் தெரிவாகவில்லை. கொப்பியைக் கொண்டுசென்று காட்டலாம் என்று நான் கூறினேன். பட்டியலில் உள்ளதுதான் கணக்கு என்று அவளே மறுத்துவிட்டாள்.

2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது எங்கள் குழு ஆடுவதை நிறுத்தியது. அவ்வாண்டு யூலை 28 ஆம் திகதி, கடலுக்கு அப்பால் மாமல்லபுரத்தில் 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கிற்று. ஆட்டக்காரர் நேருக்கு நேர் அமர்ந்து ஆடினர். கவரேஜ் கிடைத்த வேளைகளில் அவ்வாட்டங்களைக் குளக்கட்டில் இருந்து பார்த்தோம், தங்கையும் வந்திருந்தாள். கொப்பி இப்பொழுது என்னிடம் உள்ளது. அதன் கடைசிப் பக்கத்தில், அண்ணாவின் கையெழுத்தல்லாத வேறொரு கையெழுத்தில், ஆறாம் பலகையின் அந்த ஆட்டம் முதல் நகர்விலிருந்து இணைப்பறுந்த நகர்வு வரை முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றது.