பாட்டி வீட்டு ஜப்பான் டீ செட்

சிதம்பரம் பாட்டி வீட்டிலிருந்து கடலூருக்கு எங்களிடம் வந்த பீங்கான் டீ செட்டுக்கு ஒரு கதை உண்டு. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது, ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய தாத்தா அதை மூட்டை கட்டிக் கொண்டுவந்தாராம்.

கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ரோஜாப்பூ, 'ரோஸ் சைனா', அதன்கீழ் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்'. போச்சு! ஜப்பான் அமெரிக்கப் பிடியில் இருந்தது 1945 முதல் 1952 ஏப்ரல் வரைதான்.

செய்தவர்கள் நகோயாவின் நோரிடாகே. 1904ல் தொடங்கிய கம்பெனி. போருக்குப் பின் சரக்கு பழைய தரத்தில் இல்லையென்று, 1946 முதல் 1948 வரை சொந்தப் பெயர் போடாமல் 'ரோஸ் சைனா' என்றே விற்றார்கள். (இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.)

தாத்தா நடந்து வந்தது நிஜம். செட் அவரோடு வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"அப்போ மூட்டையில என்னடா இருந்துச்சு?" என்று கேட்டார்.