பெரட்டு மணியும் பால்மரத்து மரபணுவும்

கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு மணி ஒலித்த காலம் ஒன்றுண்டு. லயத்தில் இரு வீடுகளில் ஒரே நேரத்தில் விளக்கெரியும். ஒரு வீட்டு விளக்கு மற்றதை ஏற்றியதென்று எவரும் சொல்லார். இரு வீட்டாரையும் எழுப்பியது மணி. இந்த எளிய வேறுபாட்டைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க அறிஞர்க்கு ஆண்டுகள் பல ஆயின.

ஒரு மரபணு மற்றவற்றை அடக்கி ஆளவல்லது என்பதைப் பிரெஞ்சு அறிஞர்களான ஜேக்கபும் மோனோவும் 1961-இல் விளக்கினர். அவர்கள் ஆராய்ந்தது பாக்டீரியத்தின் சிறு மரபணுக் கூட்டமே. 1995-இல் நுண்வரிசைச் சில்லு வந்தது. பல மரபணுக்கள் எவ்வளவு செயற்படுகின்றன என்பதை ஒருங்கே அளக்க முடிந்தது. 1998-இல் ஐசன் குழுவினர், சேர்ந்து ஏறி இறங்கும் மரபணுக்களை இனம் இனமாகப் பிரித்தனர். பயனுள்ள முறைதான், ஆனால் ஏவுவது எது, ஏவல் கேட்பது எது என்று அது சொல்லாது. 2000-இல் பிரீட்மன் குழுவினர் நிகழ்தகவு வலைகளைக் கொண்டு இக்குறையைக் களைய முற்பட்டனர். 2006-இல் வெளிவந்த 'அராக்னி' முறை மும்மூன்று மரபணுக்களாக எடுத்து, அவற்றுள் நலிந்த தொடர்பை, இடைநின்ற மூன்றாவது மரபணுவின் வழி வந்ததெனக் கழித்தது.

பால்மரத்துக்கு வருவோம். தோட்டத்தார் நன்கறிந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 வகையின் மரபணுத் தொகுதி வரைவைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013-இல் வெளியிட்டனர். 2016-இல் சீன ஆய்வாளர் வேறொரு வகையில் 43,792 மரபணுக்களைக் கணக்கிட்டனர். இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஏறத்தாழ 96 கோடி இணைகள்! தற்செயலாக ஒத்துப்போகும் இணைகளே எத்தனையோ இருக்கும்.

எத்திபான் மருந்தைப் பட்டையில் பூசினால் எத்திலீன் வாயு தோன்றிப் பால் நெடுநேரம் ஒழுகும். பூசுமுன்னும் பின்னும் மணிக்கணக்கில் அளந்தால், எந்த மரபணு முந்தியது என்று தெரியும். ஆயின் முந்தியது எல்லாம் காரணம் ஆகாது. பெரட்டு மணிக்கு முன்பே சேவலும் கூவியதே! சேவல் கூவியும் மணி அடிக்காத விடுமுறை நாளில்தான் உண்மை விளங்கும். அதுபோல் ஐயத்துக்குரிய மரபணுவை முடக்கிப் பார்த்தே உறுதி செய்யவேண்டும். கன்று பால்வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் மரத்தில் அது எளிதன்று. ஆதலின் எவற்றை முதலில் சோதிப்பது என்று பொறுக்கித் தரும் கணிப்பு முறைக்கு இங்கு மதிப்பு மிகுதி. மருந்து அளவு மீறினால் வெட்டுப்பட்டை வறண்டு பால் நின்றுபோவதும் உண்டு. அவ்வறட்சியை ஏவும் மரபணு எது என்பதே வெட்டுவோரின் வருவாயைத் தொடும் வினா.