புலனாய்வுத்துறைத் தலைமை: ஆட்சிக்கு ஆட்சி மாறும் ஆசனம்

ஒரு நாட்டில் ஆட்சி மாறும்போது அமைச்சர்கள் மாறுவதும், கூட்டுத்தாபனத் தலைவர்கள் மாறுவதும் வழமையான விடயங்களாகும். ஆனால் இலங்கையில் இவற்றோடு சேர்ந்து, சில வேளைகளில் இவற்றுக்கும் முன்னதாக, மாற்றப்படுகின்ற இன்னொரு பதவி உண்டு. அதுவே அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் பதவி. பொதுமக்கள் பெரிதாகக் கவனத்திற் கொள்ளாத இந்தப் பதவியைச் சுற்றி கொழும்பில் நடைபெற்ற இழுபறிகள், தமிழ், முஸ்லிம் மக்களின் வாழ்வில் எவ்வளவு ஆழமான காயங்களை ஏற்படுத்தியுள்ளன என்பதை இங்கு சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் ஒன்று கலந்து களனி கங்கையாகும் பொல்பிட்டியவில் வாழும் நமக்கும் கொழும்பின் புலனாய்வுத்துறைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். 1969ஆம் ஆண்டு முதல் இங்கு இயங்கிவரும் நீர்மின் நிலையம், பாதுகாக்கப்பட வேண்டிய அரச சொத்துகளில் ஒன்று. யுத்த காலத்தில் இப்பகுதித் தோட்ட இளைஞர்கள் அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு வேலைக்குச் செல்லும்போது, பேருந்திலிருந்து இறக்கப்பட்டு அடையாள அட்டை காட்டியதை நமது மக்கள் மறந்துவிடவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் அதிகாலையில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டு, மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் நினைவில் உள்ளது. புலனாய்வு என்பது நமக்குச் செய்தித்தாளில் வாசிக்கும் விடயம் அல்ல; வாசலில் வந்து நிற்கும் விடயம்.

1984ஆம் ஆண்டு ஜே.ஆர். ஜயவர்தனவின் ஆட்சியில் தேசிய புலனாய்வுப் பணியகம் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் இப்பணி பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவாகவே இருந்தது. அப்பணியகமே பின்னாளில் அரச புலனாய்வுச் சேவை எனப் பெயர் மாற்றம் பெற்றது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் இச்சேவைக்குப் புறம்பாக, இராணுவப் புலனாய்வுப் பணியகம், பொலிஸாரின் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் முதலானவையும் தத்தம் வழியில் தகவல் திரட்டுகின்றன. இத்தனை அமைப்புகளுக்கும் தனித்தனித் தலைவர்கள். அந்தத் தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் அரசியலில் ஒரு பற்றுக்கோடு. பொலிஸ் மா அதிபரின் நியமனத்திற்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் தேவைப்படுகின்றது. அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கு அவ்வாறான அங்கீகாரம் எதுவும் வேண்டியதில்லை. பிரித்தானியாவில் உள்நாட்டுப் புலனாய்வுச் சேவை 1989ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் வரையறுக்கப்பட்டது; அமெரிக்காவில் மத்திய புலனாய்வு முகவரகத்தின் பணிப்பாளர் செனட் சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும். அங்கும் அரசியல் இல்லாமல் இல்லை. ஆயினும் அங்கே சண்டை சபையில் நடக்கின்றது. இங்கே மூடிய அறையில் முடிந்துவிடுகின்றது.

அயல் நாடான இந்தியாவும் இதற்கு விதிவிலக்கல்ல. 1977ஆம் ஆண்டு மொரார்ஜி தேசாய் பிரதமரானபோது, 'றோ' அமைப்பை உருவாக்கிய ஆர்.என். காவ் பதவியை விட்டு விலக நேர்ந்தது. இந்திரா காந்தியின் ஆள் என்ற சந்தேகமே அதற்குக் காரணமாயிற்று.

நமது நாட்டில் இந்நோயின் வரலாறு 1970ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றது எனலாம். முன்னைய ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியின்போது மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்களின் நடவடிக்கைகளை விசாரிப்பதற்கெனப் பொலிஸில் தனிப்பிரிவொன்று இயங்கியது. 1970 மே தேர்தலில் ஐக்கிய முன்னணி வெற்றி பெற்றதும் அப்பிரிவு கலைக்கப்பட்டது. தடுத்து வைக்கப்பட்டிருந்த ரோஹண விஜேவீரவும் விடுவிக்கப்பட்டார். ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, 1971 ஏப்ரல் 5ஆம் திகதி, நாடெங்கும் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன.

அதைவிடக் கசப்பான உதாரணம் 2002ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 2001 டிசம்பர் 5ஆம் திகதி, பொதுத் தேர்தல் நாளன்று, கண்டி மாவட்டத்தின் உடத்தலவின்னையில் முஸ்லிம் இளைஞர்கள் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்தேர்தலில் ரணில் விக்கிரமசிங்க தலைமையிலான அரசாங்கம் பதவிக்கு வந்தது. ஜனாதிபதியாகச் சந்திரிகா குமாரதுங்க நீடித்தார். அக்கொலைகள் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த கண்டிப் பொலிஸ் குழுவொன்று, 2002 ஜனவரி 2ஆம் திகதி அத்துருகிரியவில் மிலேனியம் சிட்டி என்ற குடியிருப்பில் உள்ள வீடொன்றைச் சுற்றிவளைத்தது. புதிய பிரதமரைக் கொலை செய்யச் சதி நடக்கின்றது என்ற சந்தேகம் அப்போது பேசப்பட்டது. ஆனால் அவ்வீடு இராணுவப் புலனாய்வுத்துறையின் இரகசிய இல்லம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் ஊடுருவும் அணியினர் அங்கு தங்கியிருந்தனர். அவர்களது பெயர்களும் அடையாளங்களும் வெளியில் கசிந்தன. அதன் பின்னர், போர்நிறுத்தம் நிலவிய ஆண்டுகளிலேயே, புலனாய்வுடன் தொடர்புடைய பலர் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். 2005 மே 31ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட இராணுவப் புலனாய்வு அதிகாரி மேஜர் நிசாம் முதலிப் இலங்கை மலாய் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவர். ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையிலான அவநம்பிக்கையின் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள் இருவரும் அல்லர்.

இதே அவநம்பிக்கை 2018ஆம் ஆண்டு மீண்டும் தலைதூக்கியபோது விளைவு பன்மடங்கு பயங்கரமாக அமைந்தது. 2015 ஆட்சி மாற்றத்தின் பின்னர் அரச புலனாய்வுச் சேவையின் தலைமைக்கு நிலந்த ஜயவர்தன வந்தார். முன்னைய ஆட்சியில் இராணுவப் புலனாய்வுக்குத் தலைமை தாங்கிய சுரேஷ் சலே 2016இல் மலேசியாவிலுள்ள தூதரகத்திற்கு அனுப்பப்பட்டார். இந்த இரு பெயர்களையும் வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்வது நல்லது.

2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடியில் சஹ்ரான் ஹாஷிமின் குழுவினருக்கும், அங்குள்ள சூபி வழி முஸ்லிம்களுக்கும் இடையில் மோதல் ஏற்பட்டது. சஹ்ரான் தலைமறைவானார். அவரைக் கைது செய்யுமாறு முதலில் குரல் கொடுத்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே என்பது இங்கு அழுத்திச் சொல்லப்பட வேண்டும். பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு அவரைத் தேடியது. 2018இல் நீதிமன்றப் பிடியாணையும் பெற்றது. அப்பிரிவின் பொறுப்பதிகாரியான பிரதிப் பொலிஸ் மா அதிபர் நாலக்க டி சில்வா மீது, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் கோட்டாபய ராஜபக்ஷவையும் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டு அவ்வாண்டு செப்டெம்பரில் எழுந்தது. ஒக்டோபர் 25ஆம் திகதி அவர் கைதானார். மறுநாள் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பதவி நீக்கப்பட்டு மஹிந்த ராஜபக்ஷ பிரதமராக்கப்பட்டார். ஜனாதிபதி அதற்குக் கூறிய காரணங்களில் அக்கொலைச் சதியும் ஒன்றாகும். சஹ்ரான் பற்றிய விசாரணையோ தலைமையின்றித் தேங்கிப் போயிற்று.

அந்த அரசியலமைப்பு நெருக்கடியின் நடுவே, நவம்பர் 30ஆம் திகதி, மட்டக்களப்பு வவுணதீவில் பொலிஸார் இருவர் கொல்லப்பட்டனர். சந்தேகம் உடனடியாக முன்னாள் போராளிகள் மீது திருப்பப்பட்டது. அவர்களுள் ஒருவர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். அக்கொலைகளைச் செய்தவர்கள் சஹ்ரானின் ஆட்களே என்பது உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரே வெளிவந்தது. ஒரு தமிழ்க் குடும்பம் நிரபராதியை எதிர்பார்த்துக் காத்திருந்த அந்த மாதங்களில், உண்மையான கொலையாளிகள் சுதந்திரமாக நடமாடினர். டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் பெருந்தொகையான வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. அவ்விசாரணைகளுக்கு உதவிய மாவனல்லை முஸ்லிம் ஒருவர் மார்ச் மாதம் தமது வீட்டில் வைத்துச் சுடப்பட்டார்.

நெருக்கடி 2018 டிசம்பரில் முடிந்து விக்கிரமசிங்க மீண்டும் பிரதமரானபோதும், பொலிஸ் திணைக்களத்தை ஜனாதிபதி தம் கையிலேயே வைத்துக்கொண்டார். பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் அழைக்கப்படவில்லை. புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் ஜனாதிபதியுடன் நேரடித் தொடர்பில் இருந்தார். நாட்டின் பொலிஸ் மா அதிபரோ வெளியில் நின்றார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்தது. சஹ்ரானின் பெயரும், தேவாலயங்கள் இலக்காகலாம் என்ற விபரமும் அதில் இருந்தன. ஏப்ரல் 9ஆம் திகதி தேசிய புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸ் பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் அனுப்பினார். கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்தது. தேவாலயங்களுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. ஏப்ரல் 21ஆம் திகதி காலை 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் மடிந்தவர்களுள் தமிழ்க் கத்தோலிக்கரும் சீயோன் தேவாலயத்தின் சிறுவர்களும் அடங்குவர். அன்று ஜனாதிபதி நாட்டில் இருக்கவில்லை; பதில் பாதுகாப்பு அமைச்சர் எவரும் நியமிக்கப்பட்டிருக்கவும் இல்லை.

அடுத்து நடந்தவை முஸ்லிம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. மே 13ஆம் திகதி குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பகுதிகளில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஹசலக்கவில் ஆடையில் இருந்த கப்பற் சுக்கானின் உருவம் தர்மசக்கரமாகக் கருதப்பட்டு முஸ்லிம் பெண்ணொருவர் சிறையில் அடைக்கப்பட்டார். நுவரெலியா பிளக்பூலில் சஹ்ரானின் குழுவினர் வாடகைக்கு எடுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்திய வீடும் அந்நாட்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. லயன் அறைக்கு வரும் புதிய விருந்தாளியின் விபரத்தைக்கூடத் தேடிய ஓர் அமைப்பு, மலையகத்தின் பிரதான நகருக்கு அருகில் இருந்த அந்த வீட்டைக் காணவில்லை.

2019 மே மாத இறுதியில் சிசிர மெண்டிஸ் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் சாட்சியமளித்து, பாதுகாப்புச் சபை ஒழுங்காகக் கூடவில்லை என்பதை வெளிப்படுத்தினார். சில நாட்களில் அவர் பதவியிழந்தார். அதிகாரிகள் தெரிவுக்குழு முன் செல்வதை ஜனாதிபதி கடுமையாக எதிர்த்தார். ஒக்டோபரில் வெளியான தெரிவுக்குழு அறிக்கை, தவறின் மிகப் பெரிய பொறுப்பு அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கே உரியது எனக் கூறியதுடன், ஜனாதிபதியையும் கண்டித்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் குழாம் அளித்த தீர்ப்பு அதை ரூபாயில் அளந்தது: சிறிசேன 10 கோடி, பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, சிசிர மெண்டிஸ் ஒரு கோடி. தமது சொந்தப் பணத்திலிருந்தே இத்தொகைகளைச் செலுத்த வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சிறப்பு. நிலந்த ஜயவர்தன 2025 ஜூலையில் பொலிஸ் சேவையிலிருந்து நீக்கப்பட்டார்.

இவ்வளவு நடந்தும் ஆசன மாற்றம் ஓயவில்லை. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானதும், உயிர்த்த ஞாயிறு விசாரணைகளை முன்னெடுத்த குற்றப் புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளர் ஷானி அபேசேகர காலிக்கு இடமாற்றப்பட்டார். பின்னர் சிறையும் சென்றார். அத்திணைக்களத்தின் 700க்கும் மேற்பட்ட அதிகாரிகள் நாட்டை விட்டு வெளியேறாதவாறு தடை செய்யப்பட்டனர். டிசம்பரில் சுரேஷ் சலே அரச புலனாய்வுச் சேவையின் தலைவரானார். பொலிஸ் அதிகாரிகளே தலைமை வகித்துவந்த அச்சேவைக்கு இராணுவ அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டது அதுவே முதற்தடவை. அவர் ஒரு முஸ்லிம் என்பதால் அந்நியமனம் அச்சமூகத்திற்கு ஆறுதல் அளிக்கும் என்று சிலர் எழுதினர். 2020இல் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவும் கவிஞர் அஹ்னாப் ஜசீமும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானபோது அந்த ஆறுதல் எங்கு போயிற்று என்பதை அவர்கள் கூறவில்லை. 2023 செப்டெம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, சஹ்ரான் குழுவினருடன் 2018இல் சலே சந்திப்பு நடத்தினார் என்ற குற்றச்சாட்டை ஒளிபரப்பியது. தாம் அப்போது மலேசியாவில் இருந்ததாகக் கூறி அவர் அதை மறுத்தார்.

2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றார். சலே பதவியிலிருந்து அகற்றப்பட்டு, மீண்டும் பொலிஸ் அதிகாரி ஒருவர் அவ்விடத்திற்கு வந்தார். ஷானி அபேசேகரவும், அவருடைய முன்னாள் மேலதிகாரியான ரவி செனவிரத்னவும் உயர் பதவிகளுக்குத் திரும்பினர். செனவிரத்ன பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் செயலாளரானார். இதனை எதிர்த்து உதய கம்மன்பில, முன்னைய ஆட்சியில் தயாரிக்கப்பட்ட குழு அறிக்கையொன்றை 2024 ஒக்டோபரில் பகிரங்கப்படுத்தினார். தாக்குதலைத் தடுக்கத் தவறியவர்களே இவர்கள் என்பது அவரது வாதம். தாக்குதலின் சூத்திரதாரிகளைத் தேடியதால் பழிவாங்கப்பட்டவர்கள் என்பது அரசாங்கத்தின் வாதம். முறையற்று அகற்றப்பட்ட அதிகாரிகளுக்கு நீதி கிடைப்பதை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் அவர்கள் அகற்றப்பட்ட வழியும் திரும்பி வந்த வழியும் ஒன்றே என்பதைக் காணாதிருக்க முடியவில்லை. இரண்டுமே தேர்தல் முடிவின் வழி.

ஆகவேதான் நாம் ஆட்களைப் பற்றியன்றி முறையைப் பற்றிக் கேட்கின்றோம். அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றார், எத்தனை ஆண்டுகளுக்கு, எக்காரணத்திற்காக மட்டும் அகற்றப்படலாம் என்பவை பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அந்நியமனம் பொலிஸ் மா அதிபரின் நியமனத்தைப் போன்று அரசியலமைப்புப் பேரவையின் முன் வர வேண்டும். எச்சரிக்கையொன்று கிடைத்தால் எத்தனை மணித்தியாலத்திற்குள் எவரிடம் எழுத்தில் சேர வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். சேவையை மேற்பார்வை செய்யும் பாராளுமன்றக் குழுவில் வடகிழக்கு, மலையக, முஸ்லிம் உறுப்பினர்களுக்கு இடம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் தெரிவுக்குழு அறிக்கை பாராளுமன்ற நூலகத்தில்தான் இருக்கின்றது. வரைவை எழுதத் தொடங்குவோர் அதிலிருந்தே தொடங்கலாம்.