பூதூர் முனிவரும் அளவை நெறியும்

தொண்டை நாட்டில் தருக்கத்திற்குப் பஞ்சம் இருந்ததில்லை. மணிமேகலை அறவண அடிகளிடம் அளவை இலக்கணம் கேட்டது காஞ்சியில்தான். பௌத்த அளவை நூலுக்கு அடிகோலிய திக்நாகரையும் அப்பகுதியினர் என்றே மரபு கூறும். அந்நகருக்கும் சென்னைக்கும் இடையே, இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் தொழிற்சாலைகளால் நிறைந்து கிடக்கும் நிலத்தில், திருப்பெரும்பூதூர் உள்ளது. இவ்வூரிற் பிறந்த இராமாநுசரைப் பத்தி நெறியின் தலைவராகப் பலரும் அறிவர். அவர் தருக்கத்தை எந்த எல்லையில் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

அறிவு பெறும் வாயில்களாக அவர் கொண்டவை மூன்று: காட்சி, கருதல், நூலுரை. புகை கண்டு நெருப்பை உணர்வது கருதல். வடமொழியார் அனுமானம் என்பர். கடவுளையே இக்கருதலளவையால் நிறுவிவிடலாம் என்பது நியாய நூலார் துணிபு. உதயனாசாரியரின் நியாய குசுமாஞ்சலி இதற்கெனவே எழுந்த நூல். வாதம் எளியது. குடம் செய்யப்பட்ட பொருள். அதனைச் செய்த குயவன் ஒருவன் உண்டு. உறுப்புகளால் ஆன உலகமும் செய்யப்பட்ட பொருளே. ஆகவே அதற்கும் அறிவுடைய கருத்தா ஒருவன் உண்டு. இறைநம்பிக்கை உடையார்க்கு இனிக்கும் வாதம் இது. இராமாநுசர் இதனை ஏற்றிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்.

அவர் ஏற்கவில்லை. பிரமசூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்திற்கு ஸ்ரீபாஷ்யத்தில் வகுத்த உரையில், அவ்வாதத்தை மூட்டு மூட்டாகக் கழற்றிக் காட்டுகிறார். நிலமும் மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டன என்பதற்குச் சான்று யாது? தேரையும் மாளிகையையும் பலர் கூடிச் செய்யக் காண்கிறோமே! (ஒரகடத்திலிருந்து வெளிவரும் ஒரு காரைக் காட்டி, இதைச் செய்தவர் யார் என்று வினவினால் ஒரு பெயரை எவரால் சொல்ல இயலும்?) மேலும், குயவனுக்கு உடல் உண்டு, அவன் அறிவோ அளவுபட்டது. குடத்தைக் கொண்டு கருதினால், கிடைக்கும் கருத்தாவும் உடலும் வினையும் உடையவனாகவே அமைவான். யோகியரின் உட்காட்சியையும் அவர் சான்றாகக் கொள்ளவில்லை. முன் நுகர்ந்ததன் நினைவே முதிர்ந்து தோன்றுவது அது என்கிறார். எஞ்சுவது நூலுரை ஒன்றே.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் இயற்கைச் சமயம் பற்றி எழுதிய உரையாடல் நூல் 1779இல் வெளிவந்தது. வீட்டையும் கப்பலையும் பலர் கூடிக் கட்டுவதுபோல உலகையும் தெய்வங்கள் பல கூடி ஆக்கியிருக்கலாகாதா என்ற வினா அதிலும் வருகிறது. ஹியூம் கையில் நம்பிக்கையின் அடித்தளத்தை அசைத்த அவ்வினா, பூதூர் முனிவர் கையில் நம்பிக்கைக்குப் பொய்க்கால் வேண்டாம் என மறுக்கும் வினாவாயிற்று.

இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. வேதத்தை ஏலாத ஒருவனிடம் கடவுளை நிறுவ அவரிடம் கருவி இல்லாமற் போகிறது. சமய வாதங்கள் மலிந்த காலத்தில் தெரிந்தே செய்த இழப்பு இது. ஆயினும் அவர் தருக்கத்தைத் துறந்தவரல்லர். நூற்பொருள் காண்பதிலும், முரண்போல் தோன்றும் வேதமொழிகளை இணைப்பதிலும் அவர்தம் தருக்கம் மிகக் கூரியது. கண்ணால் காணும் வேற்றுமையை நூலுரை பொய்யாக்கிவிடும் என்ற அத்வைதியாரை அவர் மடக்கிய விதமும் கருதத்தக்கது. காட்சி அவித்தையால் பழுதுற்றதெனின், அதே அவித்தைக்கு உட்பட்ட நூலுரை மட்டும் பழுதறுவது எங்ஙனம் என்பது அவர் வினா. பிற அளவைகள் எட்டாத இடத்திலேயே நூலுக்கு வேலை என்பது அவர் கைக்கொண்ட நெறி.

இந்நெறியை அவர் வரலாற்றின்மீதே வைத்துப் பார்க்க வேண்டிய நிலை பிற்காலத்தில் நேர்ந்தது. 1017இல், பிங்கள ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையில் பிறந்து, 120 ஆண்டு வாழ்ந்து, 1137இல் பரமபதம் எய்தினார் என்பது குருபரம்பரை மரபு. ஆயிரமாவது ஆண்டு 2017இல் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. ஆனால் இராமாநுசாரிய திவ்விய சரிதை என்னும் தமிழ் நூல் ஸ்ரீபாஷ்யம் நிறைவுற்ற காலத்தை 1155-56 எனக் காட்டுகிறது. மரபு கூறும் மறைவுக்கு 18 ஆண்டு பிந்தியது இது. கல்வெட்டறிஞர் டி. என். சுப்பிரமணியம் இதனையும் பிற குறிப்புகளையும் ஆராய்ந்து, 1077 முதல் 1157 வரை என்று வாழ்நாளைக் கணித்தார். அவரைத் துன்புறுத்திய சோழன் யார் என்பதிலும் சிக்கல் உண்டு. முதற் குலோத்துங்கன் என்பார் பலர். அவனோ நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கும் கொடை உறுதி செய்தவன். சிறிய லெய்டன் செப்பேடு அதற்குச் சான்று. தில்லைக் கோவிந்தராசரைக் கடலில் இட்டவனாகக் கூறப்படும் இரண்டாம் குலோத்துங்கன் அரசேறியது 1133இல். அவனே அச்சோழன் எனின், பிந்திய கணக்கே பொருந்தும்.

80 ஆண்டு என்றால் ஆசாரியர் பெருமை குறையுமோ என அன்பர் சிலர் அஞ்சுவதுண்டு. பிறந்த ஆண்டு காட்சியும் கருதலும் எட்டக்கூடிய பொருள். கல்லும் செப்பேடும் அதற்குரிய வாயில். அங்கே நூலுரையை நிறுத்துவது உடையவர் வகுத்த எல்லையையே மீறுவதாகும். பிணக்கும் ஆண்டைப் பற்றியதே. சித்திரைத் திருவாதிரையோ, ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் தானுகந்த திருமேனிக்கு ஆண்டுதோறும் எடுக்கும் பெருவிழாவாகத் தொடர்கிறது.